ஸ்டீம் டெக்கில் ஸ்டார்டியூ வேலிக்கு மோட் சேர்ப்பது: முதன்முறையாகச் செய்வோருக்கான விளக்கம்

மோட் நிறுவுவதற்கான படிகளை யாரேனும் சொல்லக் கேட்டு அப்படியே செய்துவிடலாம். முதல் முறை அது சரியாகவே நடந்துவிடும். ஆனால் சில வாரங்களுக்குப் பிறகு விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொண்டதும், சேர்த்து வைத்தவை எல்லாம் காணாமற்போய்ப் பழைய பண்ணையே எதிரே நிற்கும்; அப்போது எந்தப் படியைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது தெரியாது. எந்தக் கோப்பு எந்த இடத்தில் போய் அமர்கிறது, அங்கே அமர்வதால் என்ன நடக்கிறது என்ற இரண்டும் விளங்கிவிட்டால் இந்தத் திகைப்பு வராது. எனவே படிகளைச் சொல்லும்போதே அவற்றின் காரணத்தையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

ஸ்டார்டியூ வேலி, எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாக உருவாக்கி 2016 பிப்ரவரி 26 அன்று வெளியிட்ட உழவு விளையாட்டு. நிலத்தைச் சீர்செய்து, விதைத்து, நீர் ஊற்றி, ஊர் மக்களோடு பழகி, நாள் முடிந்ததும் படுக்கைக்குப் போவதுதான் அதன் ஓட்டம். ஸ்டீம் டெக், வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் விற்பனைக்குக் கொண்டுவந்த கையடக்க விளையாட்டுக் கணினி. இதில் ‘கணினி’ என்ற சொல்லுக்கு அழுத்தம் கொடுத்தே எழுதுகிறேன். பொத்தான்களும் ஏறத்தாழ ஏழு அங்குலத் திரையுமாகப் பார்வைக்கு அது ஒரு விளையாட்டுக் கருவியாகத் தெரிந்தாலும், உள்ளே ஓடுவது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட முழுமையான இயங்குதளம். மோட் சேர்க்க முடிவதற்குக் காரணமே அதுதான்.

மோட் என்றால் என்ன?

மோட் என்பது, விளையாட்டை உருவாக்கியவர் அல்லாத வேறொருவர் அதற்காகச் செய்து தரும் மாற்றம் அல்லது சேர்க்கை. ஒரு மோட் கோழிகளின் படத்தை மட்டும் மாற்றலாம். மற்றொன்று ஊருக்குள் புதிய மனிதர்களைக் குடியேற்றலாம். இன்னொன்று எந்தப் பயிர் எத்தனை நாளில் விளையும் என்பதைத் திரையில் காட்டலாம்.

தொடக்க காலத்தில் இதைச் செய்த முறை முரட்டுத்தனமானது. விளையாட்டின் சொந்தக் கோப்பு ஒன்றை அழித்துவிட்டு, அதே பெயரில் மாற்றிய கோப்பை அதன் இடத்தில் வைப்பார்கள். இரண்டு மோட்கள் ஒரே கோப்பைத் தொட்டால், பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். விளையாட்டு புதுப்பிக்கப்பட்டால் இரண்டும் போய்விடும். அப்படிக் கோப்பையே மாற்றச் சொல்லும் பழைய மோட்கள் இன்னமும் கண்ணில் படுவதுண்டு. தொடக்க நிலையில் இருப்பவர்கள் அவற்றை முற்றிலும் ஒதுக்கிவிடுவதே நல்லது.

இன்று வழக்கில் உள்ள முறையில் நடுவே ஓர் ஏற்றி நிற்கிறது. ஸ்டார்டியூ வேலிக்கான அந்த ஏற்றியின் பெயர் ஸ்மாப்பி. ஸ்டார்டியூ மோடிங் ஏபிஐ என்ற பெயரின் முதலெழுத்துகளால் ஆன சொல் அது. விளையாட்டைத் திறக்கும்போது முதலில் ஸ்மாப்பி எழுந்து, தனக்கென்று ஒதுக்கப்பட்ட ‘மோட்ஸ்’ என்ற கோப்புறையைப் பார்த்து, அதிலுள்ள ஒவ்வொன்றையும் ஏற்றிக்கொண்டு, அதன்பின் விளையாட்டை இயக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதை அருகிலிருந்து பார்க்கலாம். விளையாட்டின் முதல் வசந்தத்தில் நம் கைக்கு வரும் பார்ஸ்னிப் கிழங்கு, விதைத்த நான்கு நாளில் விளையும். அந்த ‘நான்கு’ என்ற செய்தி விளையாட்டின் தரவுக் கோப்பு ஒன்றில் இருக்கிறது. கிழங்கின் படமோ அகலம் 16, உயரம் 16 புள்ளிகள் கொண்ட சிறு கட்டமாக ஒரு படத்தாளில் இருக்கிறது. விளையாட்டு ‘பயிர்த் தரவைக் கொடு’ என்று கேட்கும்போது, கன்டென்ட் பேட்சர் என்ற மோட், ஸ்மாப்பியின் துணையோடு இடையில் புகுந்து, வட்டிலிருந்து எடுத்த தரவில் வேண்டிய ஒரு வரியை மட்டும் நினைவகத்திலேயே திருத்தி நீட்டுகிறது. ஆகவே விளையாட்டுக்கு ‘மூன்று நாள்’ என்று தெரியும். வட்டில் உள்ள மூலக் கோப்பிலோ இன்னமும் ‘நான்கு’ என்றே இருக்கும். மோடை நீக்கினால் பழையபடி நான்கு நாள் ஆகிவிடும். இந்த ஒரு காட்சி மனத்தில் பதிந்துவிட்டால், மோட் சேர்ப்பதால் விளையாட்டு கெட்டுப்போகுமோ என்ற அச்சத்தின் பெரும்பகுதி விலகிவிடும். மிச்சமுள்ள அச்சம் சேமிப்பைப் பற்றியது. அது நியாயமான அச்சம்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

கருவிக்குள் இருக்கும் கணினி

டெக்கைத் திறந்ததும் நாம் காண்பது கேமிங் முகப்பு. அதில் கோப்புகளே கண்ணுக்குத் தெரியா. ஸ்டீம் பொத்தானை அழுத்தி, மின்சாரப் பட்டியலுக்குள் சென்று, டெஸ்க்டாப்புக்கு மாறும்படி சொன்னால், கேடிஇ பிளாஸ்மா என்ற வழக்கமான கணினி மேசை விரியும். வலப்பக்கத் தொடுபலகை சுட்டியை நகர்த்தும். வலப்பக்க விசை (ஆர்2) இடச்சொடுக்கு, இடப்பக்க விசை (எல்2) வலச்சொடுக்கு. இது தலைகீழாகத் தோன்றினாலும் சிறிது நேரத்தில் கை பழகிவிடும். எழுத வேண்டிய இடத்தில் ஸ்டீம் பொத்தானையும் எக்ஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் திரை விசைப்பலகை எழும். கோப்புகளைப் பார்ப்பதற்கான செயலியின் பெயர் டால்ஃபின்.

இயங்குதளத்தின் அடிப்படைப் பகுதியை டெக் பூட்டியே வைத்திருக்கிறது. அதில் எழுத முடியாது என்று கேள்விப்பட்டுப் பலர் தயங்குகிறார்கள். நமக்குத் தேவையானவை அனைத்தும் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே இருப்பதால் அந்தப் பூட்டைத் தொட வேண்டிய தேவையே இல்லை. கடவுச்சொல் எதையும் அமைக்கவும் வேண்டாம். எங்கேனும் ஒரு வழிகாட்டி அந்தப் பூட்டைத் திறக்கச் சொன்னால், ஸ்டார்டியூ வேலிக்காக அதைச் செய்யாதீர்கள்.

தொடங்கும் முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, விளையாட்டை ஒருமுறையாவது மோட் இல்லாமல் திறந்து, சரியாக ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது சற்று நுட்பமானது. ஸ்டார்டியூ வேலிக்கு லினக்ஸுக்கென்றே செய்த பதிப்பு உண்டு. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் என்ற அடுக்கும் டெக்கில் உண்டு. ஸ்டீம் செயலியில் (வால்வின் விளையாட்டுக் கடையும் நூலகமும் அதுதான்) விளையாட்டின் பண்புகளில் உள்ள இணக்கப் பகுதியில் புரோட்டானைக் கட்டாயப்படுத்தி வைத்திருந்தால் விண்டோஸ் பதிப்பு இறங்கியிருக்கும். லினக்ஸுக்கான ஸ்மாப்பி அதோடு பொருந்தாது, சேமிப்புகளும் வேறோர் இடத்தில் கிடக்கும். எனவே அந்தத் தேர்வு காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்மாப்பியை நிறுவுதல்

டெஸ்க்டாப்பில் உலாவியைத் திறந்து, ஸ்மாப்பியின் சொந்தத் தளத்திலிருந்து நிறுவியைப் பதிவிறக்குங்கள். அது ஸிப் கோப்பாக, அதாவது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரே கோப்பாக வரும். பதிவிறக்கக் கோப்புறையிலேயே அதை விரித்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் கோப்புறைக்குள் கொண்டுபோய் விரிக்க வேண்டாம், ஸிப்புக்குள் இருந்தபடியே இயக்கவும் வேண்டாம். விரித்ததும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி நிறுவிகள் தெரியும். லினக்ஸ் என்ற பெயருள்ளதை இருமுறை சொடுக்கினால், இயக்கவா, திறந்து பார்க்கவா என்று டால்ஃபின் கேட்கும், இயக்கச் சொல்லுங்கள். ஒன்றுமே நடக்காவிட்டால், அந்தக் கோப்பை வலச்சொடுக்கிப் பண்புகளில் அனுமதிகள் பகுதிக்குச் சென்று, இயக்கத்தக்கது என்ற கட்டத்தில் குறியிட்டு மீண்டும் முயலுங்கள்.

கருப்புச் சாளரம் ஒன்று திறந்து சில கேள்விகள் கேட்கும். எழுத்துகள் வாசிக்கும்படி இருக்கின்றனவா என்பது முதலில். பிறகு, விளையாட்டு இருக்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்துச் சொல்லி, நிறுவ 1, நீக்க 2 என்று கேட்கும். 1 என்று எழுதி என்டர் அழுத்தினால் முடிந்தது. விளையாட்டை நினைவக அட்டையில் வைத்திருந்து, அந்த இடத்தை நிறுவியால் கண்டுபிடிக்க முடியாமற்போனால், பாதையை நாமே தர வேண்டியிருக்கும். டெஸ்க்டாப்பில் ஸ்டீமைத் திறந்து, நூலகத்தில் விளையாட்டின் பெயரை வலச்சொடுக்கி, நிர்வகிப்பு என்பதன் கீழ் உள்ளகக் கோப்புகளை உலாவச் சொன்னால் அந்தக் கோப்புறை டால்ஃபினில் திறந்துவிடும்; மேலே தெரியும் பாதையைப் பிரதியெடுத்து நிறுவியில் ஒட்டலாம்.

இந்தச் சில நொடிகளில் நிறுவி செய்த வேலை என்ன என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். விளையாட்டின் கோப்புறையில் ‘ஸ்டார்டியூவேலி’ என்ற பெயரில் ஒரு தொடக்கக் கோப்பு இருந்தது. ஸ்டீம் அதைத்தான் இயக்கும். நிறுவி அதன் பெயரோடு ‘ஒரிஜினல்’ என்று சேர்த்து ஒதுக்கி வைத்துவிட்டு, ஸ்மாப்பியின் தொடக்கக் கோப்புக்குப் பழைய பெயரைச் சூட்டி அங்கே வைத்தது. ஸ்டீமுக்கு இது தெரியாது. அது வழக்கம்போல் அதே பெயரை இயக்குகிறது, ஸ்மாப்பி எழுகிறது. விண்டோஸில் ஸ்டீமின் தொடக்க அமைப்புகளில் ஒரு வரி எழுதிச் சேர்க்க வேண்டும். லினக்ஸில் அந்த வேலை இல்லாததற்குக் காரணம் இந்த இடமாற்றமே. சில வாரங்களில் மோட்கள் காணாமற்போவதற்கும் இதுவே காரணம். விளையாட்டு புதுப்பிக்கப்படும்போதோ, கோப்புகளைச் சரிபார்க்கும்படி ஸ்டீமிடம் நாம் சொல்லும்போதோ, அது தன்னுடைய மூலத் தொடக்கக் கோப்பை மீண்டும் அதே இடத்தில் வைத்துவிடுகிறது. மோட்கள் எங்கும் போகவில்லை. அவற்றை எழுப்புவதற்கான ஆள்தான் வாசலில் இல்லை. நிறுவியை மறுபடி இயக்கி 1 அழுத்தினால் எல்லாம் திரும்பிவிடும். இந்த விவரம் தெரியாமல் முழு விளையாட்டையும் நீக்கி மறுபடி பதிவிறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை உழைப்பும் தேவையற்றது.

முதல் மோட்

நிறுவல் முடிந்ததும் விளையாட்டின் கோப்புறைக்குள் ‘மோட்ஸ்’ என்ற கோப்புறை இருக்கும். அதை டால்ஃபினின் இடப்பக்கப் பட்டியலில் சேர்த்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தேடி அலைய வேண்டாம். உள்ளே ஸ்மாப்பியோடு வரும் சிறு மோட்கள் ஏற்கெனவே இருக்கும். அவற்றை நீக்க வேண்டாம். அவற்றுள் ஒன்று சேமிப்புகளை நாள்தோறும் தானாகவே நகலெடுத்து வைக்கிறது.

மோட்கள் பெரும்பாலும் நெக்ஸஸ் மோட்ஸ் தளத்தில் கிடைக்கின்றன. பதிவிறக்க ஒரு கணக்கு வேண்டும். முதலில் கன்டென்ட் பேட்சரை எடுங்கள். அது தன்னளவில் விளையாட்டில் எதையும் மாற்றாது. ஆனால் படங்களையும் தரவுகளையும் மாற்றும் எண்ணற்ற மோட்கள் அதை நம்பியே நிற்கின்றன. அடுத்து, உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு சிறு மோடை எடுங்கள். ஸிப்பை விரித்து, வரும் கோப்புறையை அப்படியே ‘மோட்ஸ்’ கோப்புறைக்குள் வையுங்கள்.

அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். ‘மேனிஃபெஸ்ட்’ என்ற ஒரு கோப்பு அதில் கட்டாயம் இருக்கும். மோடின் பெயர், செய்தவர், பதிப்பு எண், தனித்த அடையாளம், வேறு எந்தெந்த மோட்கள் தனக்குத் தேவை என்ற பட்டியல் ஆகியவை சாதாரண எழுத்தாகவே அதில் எழுதப்பட்டிருக்கும். எழுத்துத் திருத்தி ஒன்றில் திறந்து யாரும் படிக்கலாம். ஸ்மாப்பி ஒரு கோப்புறையை மோட் என்று அடையாளம் காண்பது இந்தக் கோப்பை வைத்துத்தான். ஸிப்பை விரிக்கும்போது கோப்புறை உருவாகாமல் மேனிஃபெஸ்ட் நேராக ‘மோட்ஸ்’ கோப்புறைக்குள் சிந்திவிட்டால் குழப்பம் நேரும். ஒவ்வொரு மோடும் தன் மேனிஃபெஸ்டோடு ஒரு தனிக் கோப்புறையில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு இலக்கணம் இதற்கு இல்லை.

முதன்முறை ஓடவிடுவதைக் கேமிங் முகப்புக்குத் திரும்பாமல் டெஸ்க்டாப்பிலேயே செய்யும்படி வற்புறுத்துவேன். காரணம், ஸ்மாப்பி தான் செய்வதையெல்லாம் வரிவரியாக ஓர் எழுத்துச் சாளரத்தில் சொல்லிக்கொண்டே போகும். கேமிங் முகப்பில் அது கண்ணில் படாது. எத்தனை மோட்கள் ஏறின என்ற எண்ணிக்கையும் அவற்றின் பெயர்களும் அதில் வரும். சிவப்பு எழுத்து வந்தால் அஞ்சாமல் வாசியுங்கள். தொடக்கத்தில் பெரும்பாலோருக்கு வரும் சிவப்பு வரி, இன்ன மோடை விட்டுவிட்டேன், ஏனெனில் அதற்குத் தேவையான இன்னொரு மோட் நிறுவப்படவில்லை என்று சொல்வதாகவே இருக்கும். எது தேவை என்பதும் அடைப்புக்குள் இருக்கும். பிழைச் செய்தியே விடையையும் தருவது கணினி உலகில் அரிது. ஸ்மாப்பியைச் செய்தவர்கள் அந்த அக்கறையைக் காட்டியிருக்கிறார்கள். சாளரம் மூடிவிட்டாலும் கவலையில்லை. பயனரின் கோப்புறைக்குள் ‘.கான்ஃபிக்’, அதனுள் ‘ஸ்டார்டியூவேலி’, அதனுள் ‘எரர்லாக்ஸ்’ என்று போனால் கடைசி ஓட்டத்தின் முழுப் பதிவும் அங்கே இருக்கும்.

அந்தக் ‘.கான்ஃபிக்’ கோப்புறை முதலில் கண்ணுக்குத் தெரியாது. லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் மறைந்தே இருக்கும். டால்ஃபினில் கண்ட்ரோல் விசையையும் ‘எச்’ (H) விசையையும் சேர்த்து அழுத்தினால் வெளிப்படும். இதே புள்ளிக்கு ஸ்மாப்பியும் ஒரு பொருள் வைத்திருக்கிறது: பெயரின் முன் புள்ளி உள்ள மோட் கோப்புறையை அது கண்டுகொள்ளாது. ஒரு மோடை அழிக்காமல் தற்காலிகமாக நிறுத்த இதுவே எளிய வழி. ஆனால் டெக்கில் இரண்டு பொருளும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. புள்ளி வைத்த அந்தக் கணமே கோப்புறை திரையிலிருந்தும் மறைந்துவிடும். முதன்முறை அப்படி மறைந்தபோது, அழித்துவிட்டேன் என்று எண்ணி நான் அதே மோடை மறுபடி பதிவிறக்கினேன். பிறகு புள்ளியை நீக்கியதும் ஒரே மோட் இரண்டாக இருக்கிறது என்று ஸ்மாப்பி இரண்டையும் ஏற்ற மறுத்தது.

சேமிப்பைக் காப்பது

மோட் கோப்புகள் விளையாட்டின் மூலத்தைத் தொடுவதில்லை என்று சொன்னேன். சேமிப்பு அப்படியல்ல. விளையாட்டில் நாம் படுக்கைக்குப் போகும்போது அன்றைய பண்ணையின் நிலை முழுவதும் ஒரு கோப்பில் எழுதப்படுகிறது. மோட் தந்த விதையோ இயந்திரமோ நம்மிடம் இருந்தால் அதுவும் அதில் எழுதப்படும். ஸ்டீமின் மேகச் சேமிப்பு அந்தக் கோப்பை நம்முடைய மற்றக் கணினிகளுக்கும் கொண்டுபோகும். மோட்களை மட்டும் அது கொண்டுபோகாது.

இதன் விளைவை நான் நேரில் பார்த்தேன். டெக்கில் மோடோடு வளர்த்த பண்ணையை, மோட் எதுவும் இல்லாத மேசைக் கணினியில் ஒருநாள் திறந்தேன். களஞ்சியப் பெட்டிக்குள், புதிய பயிர்களின் விளைச்சல் இருந்த கட்டங்களில் எல்லாம் தடைக்குறி போன்ற சிவப்பு வட்டம் மட்டும் இருந்தது. மேலே சுட்டியை வைத்தால் பிழைப் பொருள் என்று பெயர் காட்டியது. அங்கேயே உறங்கச் செல்லாமல், அதாவது சேமிக்காமல், வெளியேறியதால் இழப்பு ஏற்படவில்லை. மோடைத் திரும்பச் சேர்த்தால் இத்தகைய பொருள்கள் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் மோட் உருவாக்கிய புதிய நிலப்பகுதியில் வைத்துவிட்டு வந்தவை மீளும் என்று நம்பிவிடக் கூடாது.

ஆகவே முதல் மோடைச் சேர்க்கும் முன்பே, ‘.கான்ஃபிக்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘ஸ்டார்டியூவேலி’ கோப்புறையில் உள்ள ‘சேவ்ஸ்’ கோப்புறையை முழுதாக நகலெடுத்து வேறோரிடத்தில் வையுங்கள். தோற்றத்தை மட்டும் மாற்றும் மோட்களை நடப்புப் பண்ணையில் அச்சமின்றிச் சேர்க்கலாம், எடுக்கலாம். புதிய நிலமும் மனிதர்களும் பயிர்களும் தரும் பெரிய மோட்களுக்குப் புதிதாக ஒரு பண்ணையைத் தொடங்குவதே என் பரிந்துரை.

இனி டெக்குக்கே உரிய ஒரு சங்கடம். பல மோட்கள் விசைப்பலகையை நினைத்துச் செய்யப்பட்டவை. லுக்கப் எனிதிங் என்ற, சுட்டிய பொருளைப் பற்றிய விவரம் காட்டும் அருமையான மோட், இயல்பாக எஃப் 1 விசைக்குத்தான் செவிசாய்க்கும். டெக்கின் முதுகில் விரல்படும் இடத்தில் நான்கு பொத்தான்கள் இருக்கின்றன. ஸ்டார்டியூ வேலிக்கு அவை பொதுவாகத் தேவைப்படுவதில்லை. விளையாட்டின் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குச் சென்று அவற்றுள் ஒன்றுக்கு எஃப் 1 விசையை ஒதுக்கினால், அந்தப் பொத்தானை அழுத்தும்போது விசைப்பலகை அழுத்தப்பட்டதாகவே மோட் எடுத்துக்கொள்ளும். வேறு வழியும் உண்டு: மோட் ஒருமுறை ஓடியபின் தன் கோப்புறையில் ‘கான்ஃபிக்’ என்ற கோப்பை உருவாக்கும், விசையின் பெயரை அதிலேயே மாற்றலாம். ஜெனரிக் மோட் கான்ஃபிக் மெனு என்ற மோடைச் சேர்த்துவிட்டால், அதை ஆதரிக்கும் மோட்களின் அமைப்புகளை விளையாட்டுக்குள்ளிருந்தே திருத்த முடியும். சிறு திரையில் கோப்பைத் திறந்து தட்டச்சு செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

புதுப்பிப்புகளைப் பற்றி ஒரு சொல். 2024 மார்ச் 19 அன்று விளையாட்டின் 1.6 பதிப்பு வந்தபோது அதன் உட்புற அமைப்பே பெரிதும் மாறியது; அன்றே ஸ்மாப்பி 4.0 வந்தும், பழைய மோட்கள் பல செய்தவர்களின் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பெரிய புதுப்பிப்பு வரும்போது பொறுத்திருக்க விரும்பினால், ஸ்டீமில் விளையாட்டின் பண்புகளில், திறக்கும்போது மட்டும் புதுப்பிக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். மோட்களின் புதிய பதிப்புகள் வந்திருப்பதை ஸ்மாப்பியே தன் எழுத்துச் சாளரத்தில் அறிவிக்கும். எனவே அவ்வப்போது டெஸ்க்டாப்பில் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. ஒரு மோடைப் புதுப்பிக்கும்போது, அதன் பழைய ‘கான்ஃபிக்’ கோப்பை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, பழைய கோப்புறையை முழுவதும் நீக்கி, புதியதை வைத்து, ‘கான்ஃபிக்’ கோப்பைத் திரும்ப உள்ளே போடுங்கள். பழையதன்மேல் புதியதைக் கொட்டினால், புதிய பதிப்பில் கைவிடப்பட்ட கோப்புகள் உள்ளேயே தங்கித் தொல்லை தரும்.